ரெகுலேட்டர் வாங்கும் முன்: பிசிபி ரைஃபிளில் குண்டுகள் ஏன் சிதறுகின்றன?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். 5.5 மி.மீ. பிசிபி ரைஃபிள், அதாவது முன்கூட்டியே உயர் அழுத்தத்தில் அடைத்த காற்றால் சுடும் ஏர் ரைஃபிள். சுடும் அழுத்தத்தைச் சமமாக வைக்கும் ரெகுலேட்டர் அதில் இல்லை. சிலிண்டரில் 200 பார் அழுத்தம் வரை காற்று அடைத்து, 80 பாருக்கு இறங்கும் வரை சுடுகிறீர்கள். 25 மீட்டரில் சில நாள் ஐந்து குண்டும் கட்டைவிரல் நகத்துக்குள் அடங்கிவிடுகின்றன. சில நாள் அதே ரைஃபிள், அதே பெல்லட் (ஈயக் குண்டு), ஆனால் 4 செ.மீ. அகலத்துக்குச் சிதறுகின்றன. ரெகுலேட்டர் போட்டால் சரியாகுமா, இல்லை பேரலையே, அதாவது குழலையே, மாற்ற வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். எதை வாங்குவது என்பதற்கு முன்னால் எது கெடுக்கிறது என்று தெரிய வேண்டும். நல்ல நாட்களில் நகத்துக்குள் அடங்குகிறது என்றால் பேரல் பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கிறது. ஆகவே பேரல் மாற்றும் யோசனையை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள்.

நான் பதினாறு வருடமாகக் காகித இலக்கில் சுடுகிறேன். அதில் பாதிக்கு மேல் பிசிபியில்தான். புதிதாக வருபவர்களின் ரைஃபிள்களைச் சரிபார்த்துக் கொடுத்த பழக்கமும் உண்டு. ஆனால் என் அனுபவம் 50 மீட்டரோடு நிற்கிறது. வால்வைக் கடைந்து மாற்றி அமைக்கும் வேலை எனக்குத் தெரியாது. உங்கள் ரைஃபிளைக் கையில் எடுத்துப் பார்க்கவும் இல்லை. அதனால் கீழே எது எனக்கு உறுதி, எது சந்தேகம் என்று பிரித்தே சொல்கிறேன்.

முதலில் அந்த ஐந்து குண்டுகளைப் பற்றி. ஐந்து குண்டு குரூப், அதாவது ஒரே குறியில் சுட்ட ஐந்து ஓட்டைகளின் கூட்டம், நம்மை நன்றாக ஏமாற்றும். ஒரே ரைஃபிளில், எதையும் மாற்றாமல், பத்து முறை ஐந்தைந்தாகச் சுட்டுப் பாருங்கள். மிகச் சிறிய குரூப்பைப் போல இரண்டு மடங்கு பெரியதும் அதில் இருக்கும். அது தற்செயல்தான், ரைஃபிளில் எதுவும் கெட்டுப்போகவில்லை. பத்து குண்டு குரூப் சராசரியாக ஐந்து குண்டு குரூப்பைவிடக் கால் பங்கு பெரிதாக வரும், ஆனால் அது சொல்வதை நம்பலாம். எனவே ஒரு மாற்றம் செய்து ஒரே ஒரு ஐந்து குண்டு குரூப் சுட்டு, "நன்றாகிவிட்டது" என்று முடிவு கட்டாதீர்கள். பத்து குண்டாக, குறைந்தது மூன்று குரூப். காற்று வீசாத நேரம், மேசை மேல் மணல் பை, பின்னால் ஸ்டாக்கின் (தோளில் வைக்கும் கட்டையின்) அடியில் இன்னொரு சிறிய பை. இதை முதலில் செய்து, அந்தக் காகிதங்களைத் தேதி போட்டு வைத்துக்கொள்ளுங்கள். இனி செய்யும் ஒவ்வொன்றையும் அவற்றோடுதான் ஒப்பிடப் போகிறோம். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும். இரண்டைச் சேர்த்து மாற்றினால் எது வேலை செய்தது என்று கடைசி வரை தெரியாது.

அந்தக் காகிதங்களில் குரூப்பின் அளவைவிட அதன் வடிவத்தைக் கவனியுங்கள். ஓட்டைகள் மேலும் கீழுமாக நீண்டிருந்தால் வேகம் மாறுகிறது, அல்லது மணல் பையில் ரைஃபிள் ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் உட்காருகிறது. பக்கவாட்டில் நீண்டிருந்தால் காற்று, அல்லது ரைஃபிளைச் சாய்த்துப் பிடிப்பது, அல்லது விரல் ட்ரிகரைப் பக்கவாட்டில் தள்ளுவது. இரண்டு தனித்தனிக் கூட்டமாக விழுந்தால் ஏதோ ஒன்று தளர்ந்து இரண்டு நிலைகளுக்கு நடுவே ஆடுகிறது என்று அர்த்தம். பெரும்பாலும் ஸ்கோப்பைப் பிடித்திருக்கும் மவுண்ட், அல்லது ஸ்டாக்கைப் பிடித்திருக்கும் திருகு. எட்டு குண்டு ஒன்றாக விழுந்து இரண்டு மட்டும் எங்கோ ஓடினால் பெல்லட்டையோ பேரல் முனையையோ சந்தேகப்படலாம். இது நூற்றுக்கு நூறு பொருந்தும் விதி இல்லை. இரண்டு கோளாறுகள் ஒன்றாகச் சேர்ந்து வருவதும் உண்டு. ஆனால் தேடலை எங்கே தொடங்குவது என்று சொல்லிவிடும்.

இனி உங்கள் ரெகுலேட்டர் கேள்விக்கு வருகிறேன். ரெகுலேட்டர் இல்லாத பிசிபியில் சுத்தியல் போன்ற ஒரு உலோகத் துண்டு சுருள்வில்லின் விசையில் போய் வால்வை இடிக்கிறது. வால்வு ஒரு கணம் திறந்து காற்றை விடுகிறது. சிலிண்டரில் அழுத்தம் மிக அதிகமாக இருக்கும்போது அந்த அழுத்தமே வால்வை மூடிப் பிடித்துக்கொள்கிறது. சுத்தியலால் போதுமான அளவு திறக்க முடிவதில்லை, வேகம் குறைகிறது. காற்று இறங்க இறங்க வால்வு எளிதாகத் திறக்கிறது, வேகம் ஏறுகிறது. நடுவில் கொஞ்ச தூரம் வேகம் ஏறக்குறைய சமமாக ஓடும். அப்புறம் தள்ளுவதற்கு அழுத்தம் போதாமல் மறுபடி இறங்கும். மலை ஏறி, சமவெளியில் நடந்து, இறங்குவது போன்ற கோடு இது. நீங்கள் 200 பாரில் தொடங்கி 80 வரை சுடுகிறீர்கள் என்றால் இந்த மூன்று பகுதிகளையும் ஒரே இலக்கில் கலந்து போடுகிறீர்கள். உங்களுடைய "நல்ல நாள்" அந்தச் சமவெளியில் சுட்ட நாளாக இருக்க வாய்ப்பு அதிகம்.

இது இலக்கில் எவ்வளவு தெரியும்? கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1.175 கிராம் பெல்லட், பேரல் முனையில் விநாடிக்கு 240 மீட்டர் வேகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 25 மீட்டர் போவதற்குள் புவியீர்ப்பு அதைச் சுமார் 6 செ.மீ. இறக்குகிறது. வேகம் 2 சதவீதம் குறைந்தால் கூடுதலாக 2 மி.மீ.க்குக் கொஞ்சம் மேல் இறங்கும், அவ்வளவுதான். அதே வேகம் 10 சதவீதம் குறைந்தால் 1.4 செ.மீ. இறங்கும். 50 மீட்டரில் கதை வேறு: மொத்த இறக்கமே 25 செ.மீ. அளவுக்கு வருவதால் அந்த 2 சதவீதமே சுமார் 1 செ.மீ. ஆகிவிடும். இன்னொன்றையும் கவனியுங்கள், இந்த இறக்கம் எல்லாம் மேல்கீழ் திசையில் மட்டும்தான். நீங்கள் 4 செ.மீ. *அகலம்* என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சிதறல் உண்மையிலேயே பக்கவாட்டில் என்றால் உலகிலேயே சிறந்த ரெகுலேட்டரைப் போட்டாலும் அது போகாது.

ஆகவே வாங்குவதற்கு முன் குண்டின் வேகத்தை அளக்கும் ஒரு க்ரோனோகிராஃபை இரவல் வாங்குங்கள். 200 பாருக்கு அடைத்து, 80 பார் வரும் வரை ஒவ்வொரு குண்டின் வேகத்தையும், ஐந்து குண்டுக்கு ஒருமுறை அழுத்தத்தையும் எழுதுங்கள். அந்தச் சமவெளி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கண்முன் தெரியும். உதாரணமாக 175 பாரிலிருந்து 120 பார் வரை வேகம் 2 சதவீதத்துக்குள் நின்றால், இனிமேல் 175 வரை மட்டும் அடையுங்கள், 120 வந்ததும் நிறுத்துங்கள். குண்டுகளின் எண்ணிக்கை குறையும், அது உண்மைதான். ஆனால் ரெகுலேட்டர் தரும் பலனில் பெரும்பகுதியை ஒன்றும் செலவில்லாமல் எடுத்துவிட்டீர்கள். இந்த எண்ணிக்கை போதவில்லை, நீண்ட தொடர் சுட வேண்டும், 50 மீட்டருக்குப் போக வேண்டும் என்றால் அப்போது ரெகுலேட்டர் நியாயமான செலவு. அதற்கும் ஒரு நோய் உண்டு: உள்ளே சீல் சரியாக அடைக்காவிட்டால், சுடாமல் வைத்திருக்கும் நேரத்தில் அழுத்தம் மெல்ல ஏறிக்கொண்டே போகும். பத்து நிமிடம் கழித்துச் சுடும் முதல் குண்டு மட்டும் வேறு வேகத்தில் போகும். ரெகுலேட்டர் வைத்த ரைஃபிளில் "முதல் குண்டு மட்டும் விலகுகிறது" என்று யாராவது சொன்னால் நான் முதலில் இதைத்தான் பார்ப்பேன்.

காற்றழுத்தத்தால் வரும் இன்னொரு தொல்லையைப் பலர் கவனிப்பதில்லை. பல ரைஃபிள்களில் பேரலும் சிலிண்டரும் முன்பக்கம் ஒரு வளையத்தால் சேர்த்துப் பிடிக்கப்பட்டிருக்கும். அழுத்தம் மாறும்போது சிலிண்டர் மிக மிகக் கொஞ்சமாக வளைந்து நிமிர்கிறது. வளையம் இறுக்கமாக இருந்தால் பேரலையும் இழுத்துக்கொண்டு போகும். வேகம் மாறாமலே குண்டு விழும் இடம் மெல்ல ஒரு பக்கமாக நகர்ந்துகொண்டே போனால் இந்த வளையத்தைப் பாருங்கள். பேரலைத் தொடாமல் சிறிது இடைவெளி விட்டிருப்பது பல மாடல்களில் நல்லது. சில மாடல்களில் அந்த வளையமே பேரலுக்குத் தாங்கல், அங்கே அதைக் கழற்றக் கூடாது. தயாரிப்பாளரின் கையேட்டைப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

அடுத்தது பெல்லட். என் அனுபவத்தில் ஒரு நல்ல பிசிபியின் குரூப்பை ஒரே மாற்றத்தில் அதிகம் சுருக்குவது இதுதான். எந்த பெல்லட் உங்கள் பேரலுக்குப் பிடிக்கும் என்று வெளியிலிருந்து யாராலும் சொல்ல முடியாது. ஒரே மாடல் ரைஃபிள்கள் இரண்டுக்கு இரண்டு வேறு பெல்லட் பிடித்ததைப் பார்த்திருக்கிறேன். 5.5 மி.மீ.யில் 1.03 கிராம், 1.175 கிராம் எடைகளில் உருண்டைத் தலை பெல்லட்டுகள் பெரும்பாலான பிசிபிகளுக்கு நல்ல தொடக்கம். ஸ்பிரிங் ரைஃபிளுக்கு வாங்கிய மிக இலேசான பெல்லட்டையோ, கூர்முனை பெல்லட்டையோ வைத்துக்கொண்டு ரைஃபிளைக் குறை சொல்லாதீர்கள். நான்கைந்து வகைகளைச் சிறு அளவில் வாங்கி, ஒவ்வொன்றிலும் முதல் பத்துப் பதினைந்து குண்டை வெறுமனே சுட்டுவிட்டு, அதன் பிறகு குரூப் போடுங்கள். பேரலுக்குள் முந்தைய பெல்லட் பூசிவிட்டுப் போன ஈயப் படலம் மாறிப் புதியது படிய அந்த அளவு குண்டுகள் தேவை. பிடித்த பெல்லட் கிடைத்தால் அதே தயாரிப்புத் தொகுதியில் கூடுதலாக வாங்கி வையுங்கள். ஒரே பெயர் போட்ட டப்பாவிலேயே வேறு அச்சில் செய்தது வேறு மாதிரி சுடும்.

வேகத்தைக் கூட்டினால் துல்லியம் கூடும் என்ற நம்பிக்கையையும் விட்டுவிடுங்கள். இடை ஒடுங்கிய இந்த பெல்லட் பறப்பது பாவாடை போன்ற பின்பகுதி காற்றில் இழுபடுவதால் கிடைக்கும் நிலைத்தன்மையில்தான். ஒலியின் வேகமான விநாடிக்குச் சுமார் 340 மீட்டரை நெருங்க நெருங்க அது தள்ளாடத் தொடங்கும். 290க்குக் கீழே வைத்திருப்பது நல்லது. என் ரைஃபிள்கள் 240க்கும் 270க்கும் நடுவில்தான் மிகச் சுத்தமாகச் சுட்டன. பல நாடுகளில் ஏர்கன்னின் ஆற்றலுக்குச் சட்ட வரம்பும் உண்டு, சுத்தியலின் சுருள்வில்லை இறுக்குவதற்கு முன் அதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

நல்ல பெல்லட்டும் பேரலுக்குள் போகும்போதே காயம்பட்டால் பயனில்லை. பல பெல்லட்டுகளை அடுக்கி வைக்கும் மேகஸினிலிருந்து தள்ளும்போது அதன் விளிம்பு எங்காவது உரசினால் ஒரு பக்கம் சிராய்ப்பு விழும். இதைச் சோதிக்க, மேகஸின் இல்லாமல் ஒவ்வொரு பெல்லட்டாகக் கையால் வைத்துப் பத்து குண்டு சுட்டுப் பாருங்கள். வித்தியாசம் தெளிவாகத் தெரிந்தால் குற்றவாளி மேகஸின்தான். அப்படியே பேரலின் பின்முனையில் உள்ள ஓ-ரிங்கையும் பாருங்கள். சிறு துண்டு மெல்லிய காகிதத்தை அந்த இடத்தின் மேல் வைத்துச் சுடுங்கள். காகிதம் துள்ளினால் காற்று கசிகிறது. மிகச் சிறிய ரப்பர் வளையம்தான், ஆனால் வேகம் கண்டபடி மாற அது போதும்.

பேரலின் முன்முனைக்கு வருகிறேன். இங்கே என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். சில வருடங்களுக்கு முன் என் ரைஃபிள் திடீரென்று பத்தில் இரண்டு குண்டை எங்கோ அனுப்பத் தொடங்கியது. பெல்லட் மாற்றினேன், ஸ்கோப்பை மாற்றினேன், வால்வைப் பிரித்துப் பார்க்கச் சொல்லி ஒருவரிடம் கொடுத்தேன். இரண்டு மாதம் போய்விட்டது. கடைசியில் முனையில் திருகியிருந்த, சத்தத்தைக் குறைக்கும் மாடரேட்டரைக் கழற்றிவிட்டுச் சுட்டேன். குரூப் பாதியானது. உள்ளே விளக்கு அடித்துப் பார்த்தால், தடுப்புத் தட்டின் துளை விளிம்பில் ஒரு பக்கம் மட்டும் பளபளவென்று ஈயக் கீறல். திருகு மரை மயிரிழை கோணலாக இருந்ததால் சில குண்டுகள் உரசிக்கொண்டு போயிருக்கின்றன. அன்றிலிருந்து யார் சிதறல் என்று வந்தாலும், முனையில் மாட்டியிருக்கும் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஒரு குரூப் போடச் சொல்கிறேன். அது இரண்டு நிமிட வேலை. அதே சமயம் பேரல் முனையின் விளிம்பையும் பாருங்கள். பஞ்சு சுற்றிய குச்சியை வைத்து விளிம்பைச் சுற்றிலும் மெல்லத் தடவுங்கள். எங்காவது பஞ்சு இழை சிக்கினால் அங்கே பிசிறு இருக்கிறது. அதைச் சரிசெய்வது கடைசல் தெரிந்தவரின் வேலை, வீட்டில் உப்புத்தாளை வைத்துத் தேய்க்காதீர்கள்.

பேரலைச் சுத்தம் செய்வதில் எத்தனை குண்டுக்கு ஒருமுறை என்று கணக்கு எதுவும் எனக்கு இல்லை. குரூப் மெல்ல மெல்லப் பெரிதாகிக்கொண்டே வந்தால் சுத்தம் செய்கிறேன். பின்பக்கத்திலிருந்து முன்பக்கமாக மெல்லிய கயிற்றில் துணித்துண்டை இழுத்து, துணி கறுப்பின்றி வரும் வரை. பித்தளைப் பிரஷ் வேண்டாம். சுத்தம் செய்த பிறகு முதல் இருபது முப்பது குண்டு நிலையில்லாமல் போகும், அதைப் பார்த்துப் பயப்படாதீர்கள். எண்ணெய் விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். பெட்ரோலிய எண்ணெயோ கிரீஸோ காற்று போகும் வழியில் ஒரு துளிகூடப் படக் கூடாது. உயர் அழுத்தக் காற்றில் அது தீப்பற்றி வெடிக்கக் கூடும். ஓ-ரிங்குகளுக்குச் சிலிக்கோன் கிரீஸ் மட்டும். சிலிண்டரில் சுத்தமான, ஈரமில்லாத காற்றைத் தவிர வேறெந்த வாயுவையும் அடைக்காதீர்கள், ஆக்சிஜனைக் கிட்டவே கொண்டுவராதீர்கள். காற்று உள்ளே இருக்கும்போது எந்தத் திருகாவது சிலிண்டரையோ வால்வையோ பிடித்திருந்தால் அதைத் தொடாதீர்கள். இதில் எதுவும் என் தனிப்பட்ட அபிப்பிராயம் இல்லை, உயிர் சம்பந்தப்பட்டது.

இப்போது ஸ்கோப். உங்கள் பக்கவாட்டுச் சிதறலுக்கு நான் அதிகம் சந்தேகப்படுவது இதைத்தான். வெடிமருந்துத் துப்பாக்கிக்கு என்று விற்கும் பல ஸ்கோப்புகளில் பாரலாக்ஸை, அதாவது கண் நகர்ந்தாலும் குறி விலகித் தெரியாத தூரத்தை, 90, 100 மீட்டருக்குப் பொருத்தி மாற்ற முடியாமல் வைத்திருப்பார்கள். 40 மி.மீ. முன்கண்ணாடி, 100 மீட்டர் பாரலாக்ஸ், நீங்கள் சுடுவது 25 மீட்டரில். கண்ணை ஸ்கோப்பின் நடுவிலிருந்து விளிம்புக்கு நகர்த்தினால், ரைஃபிள் அசையாமலே குறி 15 மி.மீ. வரை விலகித் தெரியும். ஒரு பக்கத்துக்கு 15 என்றால் இரண்டு பக்கமும் சேர்த்து 3 செ.மீ. கன்னம் ஸ்டாக்கில் ஒரே இடத்தில் உட்காரும் நாளில் குண்டுகள் ஒன்றாக விழும், மற்ற நாளில் சிதறும். உங்கள் கதைக்கு இது எவ்வளவு பொருந்துகிறது பாருங்கள்! சோதனை எளிது: ரைஃபிளை மணல் பையில் அசையாமல் வைத்து, தொடாமல், தலையை மட்டும் இடவலமாக ஆட்டிப் பாருங்கள். குறுக்குக்கோடு இலக்கின் மேல் நகர்ந்தால் பாரலாக்ஸ் பொருந்தவில்லை. பொருத்தும் வளையம் உள்ள ஸ்கோப் என்றால், அதில் அச்சிட்ட எண்ணை நம்பாமல் கோடு நகராமல் நிற்கும் இடத்தில் வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள். மாற்ற முடியாத ஸ்கோப் என்றால் கன்னம் தாங்கும் பகுதியை உயர்த்தி, கண் ஒவ்வொரு முறையும் தானாக நடுவுக்கு வரும்படி செய்யுங்கள்.

சாய்த்துப் பிடிப்பதும் இங்கேதான் வரும். 5 டிகிரி சாய்வு கண்ணுக்கு எளிதில் தெரியாது. 50 மீட்டரில் அது குண்டைப் பக்கவாட்டில் 2 செ.மீ.க்கு மேல் தள்ளும். 25 மீட்டரில் அரை செ.மீ.தான். ஸ்கோப்பில் ஒரு சின்ன நீர்மட்டக் குமிழ் மாட்டினால் போதும். காற்றைச் சொல்ல மறந்துவிடக் கூடாது: இலைகள் சலசலக்கும் அளவுக்கு, விநாடிக்கு 3 மீட்டர் பக்கக் காற்று உங்கள் பெல்லட்டை 25 மீட்டரில் சுமார் 1 செ.மீ., 50 மீட்டரில் ஏறக்குறைய அதைப் போல் நான்கு மடங்கு தள்ளும். சிதறிய நாட்களில் காற்று இருந்ததா என்று நினைவிருக்கிறதா?

சுடுபவரின் பங்கைக் கடைசியில் சொல்வது அது சிறியது என்பதால் இல்லை. பிசிபியில் உதைப்பு மிகக் குறைவு, ஸ்பிரிங் ரைஃபிள் போலப் பிடியைப் பற்றி அவ்வளவு பிடிவாதம் பிடிக்காது. ஆனால் ட்ரிகர் விடுபட்ட பிறகு சுத்தியல் ஓட, வால்வு திறக்க, பெல்லட் பேரலைக் கடக்கச் சில மில்லி விநாடிகள் ஆகும். அந்த நேரத்தில் தலையைத் தூக்கி "எங்கே விழுந்தது" என்று பார்ப்பவர்கள்தான் அதிகம். குண்டு போன பிறகும் ஒரு விநாடி அப்படியே இருங்கள், விடுபட்ட கணத்தில் குறுக்குக்கோடு எங்கே இருந்தது என்று சொல்லிவிட்டு அப்புறம் இலக்கைப் பாருங்கள். நீங்கள் சொன்ன இடமும் ஓட்டையும் ஒத்துப்போகத் தொடங்கினால் மிச்சமுள்ள சிதறல் ரைஃபிளுடையது என்று தைரியமாகச் சொல்லலாம். 10 மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டியில் பத்தாம் வளையத்தின் விட்டம் வெறும் 0.5 மி.மீ. அதை நின்றுகொண்டு அடிப்பவர்கள் குண்டில்லாமல் ட்ரிகர் பழகுவதற்காகவே அந்த ரைஃபிள்களில் தனி வசதி வைத்திருக்கிறார்கள். உங்கள் ரைஃபிளில் அப்படிச் செய்யலாமா என்று கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

சந்தேகத்துக்குரியவற்றையும் சொல்லிவிடுகிறேன். பெல்லட்டைக் கழுவி எண்ணெய் பூசுவது, ஒவ்வொன்றாக எடை போட்டுப் பிரிப்பது, தலையின் விட்டத்தை அளப்பது, பேரலின் உள்பக்கத்தைப் பாலிஷ் செய்வது. இவற்றைச் சத்தியம் செய்து சொல்பவர்கள் இருக்கிறார்கள், அவர்களில் என்னைவிட நன்றாகச் சுடுபவர்களும் உண்டு. எடை போட்டுப் பிரித்ததில் எனக்கு 50 மீட்டரில் லேசான பலன் தெரிந்தது, 25 மீட்டரில் தெரியவில்லை. கழுவியதில் எதுவும் தெரியவில்லை. பாலிஷ் மட்டும் வேண்டாம் என்பேன். ஏனென்றால் தேய்த்த உலோகம் திரும்பி வராது.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் இந்த வாரம் ஸ்டாக் திருகையும் மவுண்ட் திருகுகளையும் சரிபார்த்து, மாடரேட்டரைக் கழற்றி, தலையை ஆட்டிப் பாரலாக்ஸ் பார்த்து, 200லிருந்து 80 வரை வேகத்தை எழுதுவேன். அந்த வேகப் பட்டியலையும் பத்து குண்டு காகிதங்கள் மூன்றின் படத்தையும் இங்கேயே போடுங்கள். சிதறல் எந்தத் திசையில் என்று பார்த்துவிட்டு, ரெகுலேட்டர் வேண்டுமா என்பதற்கு ஆம், இல்லை என்று ஒரே வார்த்தையில் பதில் எழுதுகிறேன்.